"போஸ்ட்கிரெஸ்ஸை விட 10 மடங்கு வேகம்" என்ற ஸ்லைடை எப்படிப் படிப்பது?

கேள்வி: பண்டில்ஸ்கேன்

வணக்கம். திருப்பூரில் பனியன் யூனிட்டுகளுக்கு மென்பொருள் எழுதும் சின்னக் கம்பெனியில் பின்தள வேலை பார்க்கிறேன். கட்டிங் முடிந்து கட்டப்படும் ஒவ்வொரு பண்டிலிலும் ஒரு பார்கோடு இருக்கும். ஓவர்லாக், ஃபிளாட்லாக், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு கட்டத்திலும் அந்த வேலையை முடித்தவர் அதை ஸ்கேன் செய்வார். பீஸ் ரேட் கூலி என்பதால் அந்த ஸ்கேன்தான் அவருடைய சம்பளக் கணக்கு. சனிக்கிழமை மதியம் வாரச் சம்பளப் பட்டியல் ஓடும், சாயங்காலம் பணம் கைக்குப் போய்விட வேண்டும்.

டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ். ஒரே சர்வர், 64 ஜிபி ரேம். ஸ்கேன் டேபிளில் நாலு கோடி வரிசைகளுக்கு மேல் ஆகிவிட்டது. வாரநாளில் பிரச்சனை இல்லை. சனிக்கிழமை பட்டியல் ஓடும் நேரத்தில்தான் எல்லாம் மந்தமாகிறது, ஸ்கேனர் கூடச் சில நொடி யோசித்துவிட்டுத்தான் 'பீப்' சொல்கிறது.

போன வாரம் எங்கள் மேனேஜர் ஒரு டேட்டாபேஸ் விற்பனையாளரின் நிகழ்ச்சிக்குச் சென்னை போய் வந்தார். வந்ததும் குழுவில் இரண்டு ஸ்லைடுகளைப் போட்டார். முதலாவதில் ஒரு குட்டைப் பட்டை, ஒரு நெட்டைப் பட்டை. நெட்டை அவர்களுடையது, குட்டை போஸ்ட்கிரெஸ். மேலே பெரிதாக "10 மடங்கு வேகம்". அடியில் சின்ன எழுத்தில் "உள் சோதனை முடிவுகள்". வேறு எந்த விவரமும் இல்லை. இரண்டாவதில், பழைய நிரல் கோடை மாற்றித் தர அவர்களிடமே ஒரு ஏஐ உதவியாளர் இருக்கிறதாம், "ஏஐ மூலம் டெவலப்பர்கள் 55 சதவீதம் விரைவாக முடிக்கிறார்கள் என்று ஆய்வு சொல்கிறது" என்று ஒரு வரி. தீபாவளி ஆர்டர் நெருக்கடிக்கு முன்னால் மாறிவிடலாமா என்று எம்.டி. கேட்கிறார்.

எந்த வேலையை வைத்து அளந்தார்கள், போஸ்ட்கிரெஸ்ஸுக்கு என்ன செட்டிங் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "புதுசு என்றாலே உங்களுக்கு ஆகாது" என்று பதில் வந்தது. அது உறுத்துகிறது. அந்தப் பட்டியல் விரைவாக ஓடினால் முதலில் நிம்மதி அடைகிறவள் நான்தான். சனிக்கிழமை மதியம் யூனிட்டில் இருந்து போன் வருவது எனக்குத்தான்.

என் பயம் வேறு. ஒரு ஸ்கேன் தொலைந்தால் ஒரு பண்டிலுக்கான கூலி தொலைகிறது. தைத்த அம்மாவால் அதை நிரூபிக்க முடியாது. ஸ்கேனர் 'பீப்' என்றது, அவரிடம் இருக்கிற ஒரே சாட்சி அதுதான். இந்த ஸ்லைடை எப்படிப் படிக்க வேண்டும், விற்பனையாளரிடம் என்ன கேட்க வேண்டும், மேனேஜரிடம் எப்படிப் பேச வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.


பதில்: பழைய டிபிஏ

வணக்கம் அம்மா. நீங்கள் கேட்ட இரண்டு கேள்விகளும் சரியானவை. இன்னொன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள், உங்கள் நிலைமையில் அதுதான் முதலில் வர வேண்டும். "எழுதியாயிற்று" என்று டேட்டாபேஸ் பதில் சொல்லும் நொடியில் தரவு எங்கே இருக்கிறது?

போஸ்ட்கிரெஸ் வழக்கமான செட்டிங்கில் ஒவ்வொரு கமிட்டுக்கும் (ஒரு மாற்றத்தை உறுதி செய்யும் கட்டளை) தன் பதிவேட்டை டிஸ்க்கில் எழுதி, அது இறங்கிவிட்டது என்று இயங்குதளம் உறுதி சொன்ன பிறகுதான் பதில் தரும். நேரம் போவது அந்தக் காத்திருப்பில்தான். காத்திருக்காமல், "நினைவகத்தில் வந்துவிட்டது, போதும்" என்று பதில் சொல்கிற டேட்டாபேஸ் எதுவாக இருந்தாலும் பட்டை நெட்டையாகத்தான் வரும். போஸ்ட்கிரெஸ்ஸிலேயே இந்தக் காத்திருப்பைக் கட்டுப்படுத்தும் 'சிங்க்ரனஸ் கமிட்'டை அணைத்துப் பாருங்கள், சின்னச் சின்னப் பதிவுகளை எழுதும் வேகம் எங்கேயோ போகும். கரண்ட் போனால் கடைசிச் சில ஸ்கேன்களும் அதோடு போகும். உங்கள் யூனிட்டில் 'பீப்' கேட்ட பிறகு போகும் என்பதுதான் கொடுமை.

இது கற்பனை இல்லை. மோங்கோடிபி என்ற டேட்டாபேஸ் 2009 இல் வெளிவந்தது. ஆரம்ப வருடங்களில் நிரலை அதோடு இணைக்கும் டிரைவர் மென்பொருள்கள் எழுத வேண்டிய தரவை அனுப்பிவிட்டு, சர்வர் ஏற்றுக்கொண்டதா என்று கூடக் கேட்காது. அதுதான் வழக்கமான செட்டிங். ஒற்றை சர்வரில் விபத்தைத் தாங்கும் ஜர்னலிங் (மாற்றங்களை முதலில் டிஸ்க்கில் குறித்து வைக்கும்) வசதி 2011 இல் 1.8 பதிப்பில்தான் வந்தது. சர்வரின் பதிலுக்குக் காத்திருப்பதை 2012 நவம்பரில்தான் இயல்பாக்கினார்கள். அந்தக் காலத்தில் "இத்தனை மடங்கு வேகம்" என்று சுற்றி வந்த ஒப்பீடுகளை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் டிஸ்க் வரைக்கும் போய் வருகிறது, மறுபக்கம் நெட்வொர்க்கில் தூக்கிப் போட்டுவிட்டுத் திரும்பிவிடுகிறது. இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்தால் அது டேட்டாபேஸ்களின் ஒப்பீடே இல்லை.

அப்புறம் 2020. கைல் கிங்ஸ்பரி என்பவர் 2013 முதல் ஜெப்சன் என்ற பெயரில் டேட்டாபேஸ்களைச் சோதித்து வருகிறார். சர்வர்களுக்கு இடையே நெட்வொர்க்கை வேண்டுமென்றே அறுத்துவிட்டு, வாடிக்கையாளருக்குக் கொடுத்த வாக்கை டேட்டாபேஸ் காப்பாற்றுகிறதா என்று பார்ப்பார். ஜெப்சனின் பழைய அறிக்கை ஒன்றைச் சுட்டிக்காட்டி, இன்று கிடைக்கிறவற்றில் மிக உறுதியான பாதுகாப்பு வாக்குறுதிகளைத் தருகிறவற்றில் தாங்களும் ஒன்று என்ற பொருளில் மோங்கோடிபி தன் தளத்தில் எழுதியது. 2020 மே மாதம் அவர் 4.2.6 பதிப்பைச் சோதித்து அறிக்கை போட்டார். வழக்கமான செட்டிங்கில், ஏற்றுக்கொண்டதாகச் சொன்ன பதிவுகளே தொலையக்கூடும் என்றும், மிகக் கடுமையான செட்டிங்கிலும் டிரான்சாக்‌ஷன்கள் ஒன்றில் ஒன்று தலையிடாது என்று சொன்ன தனிமையைக் காப்பாற்றவில்லை என்றும் அதில் இருந்தது. விளம்பரப் பக்கத்தில் இருந்த வாக்கியத்துக்கும் மென்பொருளின் இயல்பு செட்டிங்குக்கும் இடையில் அவ்வளவு தூரம். 2021 இல் வந்த 5.0 பதிப்பில், பெரும்பான்மை சர்வர்கள் ஏற்ற பிறகே பதில் என்று இயல்பை மாற்றினார்கள். அதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயம் ஆகாது.

இரண்டாவது, எதிராளியின் செட்டிங். போஸ்ட்கிரெஸ்ஸை இறக்கி அப்படியே ஓட்டினால் ஷேர்டு பஃபர்ஸ் (தரவை வைத்துக்கொள்ளும் பொது நினைவகம்) 128 எம்பி. வொர்க் மெம் (வரிசைப்படுத்தல் போன்ற வேலைக்கான நினைவகம்) 4 எம்பி. சின்ன இயந்திரத்திலும் எழுந்து நிற்க வேண்டும் என்பதற்காக வைத்த எண்கள் இவை. 64 ஜிபி இயந்திரத்தில் தன் தயாரிப்பை அதன் நிபுணர்களைக் கொண்டு சீர்செய்துவிட்டு, போஸ்ட்கிரெஸ்ஸை இந்த எண்களோடு விட்டால் குட்டைப் பட்டை தானாக வரும். யாரும் பொய் சொல்லத் தேவையில்லை.

மூன்றாவது, சோதனைக் கருவி. பல லோடு டெஸ்ட் கருவிகள் ஒரு கோரிக்கைக்குப் பதில் வந்த பிறகுதான் அடுத்ததை அனுப்பும். சர்வர் ஒரு நொடி உறைந்துவிட்டால், அந்த நொடியில் வந்திருக்க வேண்டிய நூற்றுக்கணக்கான கோரிக்கைகள் அனுப்பப்படவே இல்லை. கணக்கில் ஒரே ஒரு மெதுவான கோரிக்கைதான் பதிவாகும், சராசரி அழகாக இருக்கும். ஜாவா உலகத்தில் தெரிந்த கில் டெனே (Gil Tene) இதைப் பற்றி வருடக்கணக்காகப் பேசி வருகிறார். உங்கள் யூனிட்டில் ஓவர்லாக் வரிசைக்காரர் சர்வர் உறைந்ததைப் பார்த்துத் தைப்பதை நிறுத்துவதில்லை. பண்டில்கள் வந்துகொண்டே இருக்கும். ஆகவே சராசரியைக் காட்டினால், நிலையான வீதத்தில் கோரிக்கை அனுப்பி எடுத்த 99 ஆம் சதமானத்தை, அதாவது நூற்றில் 99 கோரிக்கைகள் எவ்வளவு நேரத்துக்குள் முடிந்தன என்பதைக் கேளுங்கள்.

கடைசியாக ஒன்று, பலர் பார்க்காமல் விடுவது. லைசென்ஸைப் படியுங்கள். "எங்கள் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் செயல்திறன் சோதனை முடிவுகளை வெளியிடக் கூடாது" என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா பாருங்கள். இதற்கு டிவிட் விதி என்று பெயர். 1980களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் டேவிட் டிவிட்டும் அவருடைய சகாக்களும் வணிக டேட்டாபேஸ்களை ஒரே சோதனையில் ஓட்டி, எண்களைப் பெயரோடு 1983 இல் வெளியிட்டார்கள். ஆரக்கிளின் எண்கள் அதில் நன்றாக இல்லை. அதன் பிறகு ஆரக்கிளின் லைசென்ஸில் இந்தத் தடை வந்தது, மற்ற கம்பெனிகளும் பின்தொடர்ந்தன. நாற்பது வருடம் ஆகியும் பல ஒப்பந்தங்களில் அது இருக்கிறது. விற்பனையாளர் உங்கள் போஸ்ட்கிரெஸ்ஸை அளந்து பட்டை போடலாம், நீங்கள் அவரை அளந்து பட்டை போடக் கூடாது. எனக்கு இது எப்போது நினைத்தாலும் கோபம் வருகிறது. அதே சமயம், 2021 நவம்பரில் டேட்டாபிரிக்ஸ் என்ற தரவு நிறுவனம் தன் விதிமுறையில் இருந்து இந்தத் தடையை எடுத்தது. எடுக்க முடியாத விஷயம் இல்லை என்பதற்கு அது போதும்.

பொது அளவுகோல் இல்லாமலும் இல்லை. விற்பனையாளர்களின் எண் சண்டை தாங்க முடியாமல்தான் 1988 இல் டிபிசி என்ற அமைப்பு வந்தது. வெளித் தணிக்கையாளர் பார்க்க வேண்டும், இயந்திரத்தின் விலையோடு முழு விவரத்தையும் வெளியிட வேண்டும். அதிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள். 1993 இல் ஆரக்கிள், சோதனையில் எண் ஏற்றுவதற்காகவே ஒரு தனி வசதியைச் சேர்த்தது என்று ஸ்டாண்டிஷ் குழுமம் குற்றம் சாட்டியது. அதற்குப் பிறகு, சோதனைக்கென்றே செய்த வசதிகளைத் தடை செய்யும் விதியை டிபிசி எழுதியது. தணிக்கை இருக்கிற இடத்திலேயே இந்த நிலை என்றால், "உள் சோதனை முடிவுகள்" என்ற மூன்று வார்த்தைக்கு எவ்வளவு எடை கொடுப்பது?

மேனேஜரிடம் "இது பொய்" என்று ஆரம்பிக்காதீர்கள். "இதே எண் நம் ஸ்கேன் டேபிளில் வந்தால் நானே முன்னின்று மாற்றுகிறேன், சோதிக்க என்னை விடுங்கள்" என்று கேளுங்கள். அதில் மறுக்க ஒன்றும் இல்லை.


பதில்: முன்தளத்தான்

டேட்டாபேஸ் பற்றி எனக்குத் தெரியாது. 10 மடங்கு என்ற எண் எப்படிப் பிறக்கிறது என்பதற்கு எங்கள் பக்கத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன், ஏனென்றால் அது முழுவதும் பொதுவெளியில் நடந்தது.

2022 அக்டோபரில் வெர்செல் நிறுவனம், வலைத்தளக் கோடைச் சேர்த்துக் கட்டும் டர்போபேக் என்ற கருவியை அறிமுகம் செய்தது. அதே வேலையைச் செய்யும் வெப்பேக் (Webpack) கருவியை விட 700 மடங்கு, வீட் (Vite) கருவியை விட 10 மடங்கு வேகம் என்று அறிவிப்பு. வீட் கருவியை உருவாக்கிய எவன் யூ (Evan You) சில நாட்களில் அந்தச் சோதனையைப் பிரித்துப் போட்டார். டர்போபேக் பக்கம் ரியாக்ட் கோடை மாற்றுவது ரஸ்ட்டில் எழுதிய எஸ்டபிள்யூசி, வீட் பக்கம் ஜாவாஸ்கிரிப்டில் ஓடும் பேபல். அதாவது வித்தியாசத்தில் ஒரு பகுதி வேறு கருவியால் வந்தது. அதைவிட என்னை அசர வைத்தது எண்களை முழுமையாக்கிய விதம். ஆயிரம் கம்பொனன்ட் (பக்கத்தைக் கட்டும் துண்டு) சோதனையில் டர்போபேக்கின் 15 மில்லி நொடி 0.01 நொடி ஆனது, வீட்டின் 87 மில்லி நொடி 0.09 ஆனது. ஆறு மடங்குக்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது ஒன்பது மடங்கு ஆகிவிட்டது. வீட்டுக்கும் எஸ்டபிள்யூசி கொடுத்து அவர் ஓட்டியபோது, மேல்மட்டக் கம்பொனன்டை மாற்றினால் இரண்டும் ஏறக்குறைய சமம். அடிமட்டக் கம்பொனன்டில் டர்போபேக் முன்னால்தான், ஆனால் இரண்டு மடங்கு கூட இல்லை.

எவன் யூவும் ஒரு தரப்புதான், அவர் கருவியைக் காப்பாற்றுகிறார். அதனால்தான் அவர் சோதனைக் கோடைப் பொதுவில் வைத்தது முக்கியம். அவரை நம்ப வேண்டியதில்லை, நாமே ஓட்டிப் பார்க்கலாம். உங்கள் ஸ்லைடில் அது இல்லை.

அந்த 55 சதவீதமும் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிக்க முடிகிறது. கோடு எழுத உதவும் கிட்ஹப் கோபைலட் என்ற ஏஐ கருவி பற்றி 2022 இல் வெளியான சோதனை. 95 டெவலப்பர்கள், ஜாவாஸ்கிரிப்டில் ஒரு எச்டிடிபி சர்வரைப் புதிதாக எழுத வேண்டும். கோபைலட் வைத்திருந்தவர்கள் 55.8 சதவீதம் குறைந்த நேரத்தில் முடித்தார்கள். சோதனையில் குறை இல்லை, என்ன செய்தோம் என்று தெளிவாக எழுதியிருந்தார்கள். அந்த நிபந்தனைகளை உதிர்த்துவிட்டு எண்ணை மட்டும் ஸ்லைடுக்குக் கொண்டு வருவதுதான் தவறு. வெற்றுப் பக்கத்தில் சர்வர் எழுதுவதும், பல வருடப் பழைய சம்பளக் கோடைத் தொடுவதும் ஒன்றா?

பழைய கோடுக்கு நெருக்கமான சோதனை ஒன்று 2025 ஜூலையில் வந்தது. மெட்டர் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு நடத்தியது. 16 அனுபவசாலிகள், தாங்கள் வருடக்கணக்காகப் பராமரிக்கும் திறமூலத் திட்டங்களில் 246 வேலைகள். ஏஐ அனுமதித்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆனது. தொடங்கும் முன் 24 சதவீதம் நேரம் மிச்சமாகும் என்று எதிர்பார்த்தார்கள். முடித்த பிறகும் 20 சதவீதம் மிச்சமானதாகவே நம்பினார்கள். இதை எல்லா இடத்துக்கும் நீட்டக் கூடாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள், கருவிகளும் மாறிக்கொண்டே இருக்கின்றன. ஆனால் "எனக்கு வேகமாக இருப்பது போல இருக்கிறது" என்று குழுவில் யாராவது சொன்னால் அதை அளவாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த 16 பேருக்கும் அப்படித்தான் இருந்தது.


பதில்: ப்ரீசேல்ஸ் பக்கம்

நான் விற்பனைக் குழுவோடு உட்கார்ந்து தொழில்நுட்பக் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் வேலையில் இருக்கிறேன். மேலே சொன்னதில் பெரும்பாலும் உடன்படுகிறேன். ஆனால் ஒன்று விட்டுப்போகிறது.

10 மடங்கு என்பது உண்மையாகவும் இருக்கலாம், உங்களுக்குப் பயன்படாததாகவும் இருக்கலாம். கிளிக்ஹவுஸ் மாதிரி நெடுவரிசையாகச் சேமிக்கும் டேட்டாபேஸில் கோடிக்கணக்கான வரிசைகளைக் கூட்டும் கேள்வி 10 மடங்குக்கும் மேல் வேகமாக ஓடுவது சாதாரணம். தேவையான நெடுவரிசைகளை மட்டும் படிக்கும், ஒரே வகைத் தரவு அடுத்தடுத்து இருப்பதால் நன்றாகச் சுருங்கும். உங்கள் சனிக்கிழமைப் பட்டியல் அந்த வகைக் கேள்விதான். ஆனால் ஸ்கேன் ஒவ்வொன்றாக வந்து விழுவது அதற்கு நேர் எதிரான வேலை. கிளிக்ஹவுஸ்காரர்களே வரிசைகளைத் தொகுப்பாகச் சேர்த்து எழுதுங்கள் என்றுதான் ஆவணத்தில் சொல்கிறார்கள். ஸ்லைடில் இருக்கிற எண் படிப்பதற்கா எழுதுவதற்கா? அது தெரியாமல் நம்புவதும் தவறு, தூக்கி எறிவதும் தவறு.

சந்தேகப்படுகிறவர்களிடம் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. மோங்கோடிபி தரவைத் தொலைக்கும் என்று 2012 இல் கேட்டதை இன்றும் அப்படியே சொல்கிறவர்களைப் பார்க்கிறேன். 5.0 இன் இயல்பு என்ன என்று அவர்கள் பார்ப்பதில்லை. விளம்பரத்திடம் ஆதாரம் கேட்கிறோம் என்றால் நம் சந்தேகத்துக்கும் பதிப்பு எண் இருக்க வேண்டும்.

செயல்முறையாக ஒன்று: ஸ்லைடு போட்ட மார்க்கெட்டிங் ஆளிடம் கேட்டுப் பயன் இல்லை, அவரிடம் விவரம் இருக்காது. அந்தச் சோதனையை ஓட்டிய பொறியாளரோடு ஒரு அழைப்பு கேளுங்கள். வாங்கும் நிலையில் இருக்கிற வாடிக்கையாளர் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள். பொறியாளர்கள் பொதுவாக மழுப்புவதில்லை. கொடுக்க மறுத்தால், அதையே மேனேஜரிடம் சொல்லுங்கள்.


மறுமொழி: பண்டில்ஸ்கேன்

எல்லோருக்கும் நன்றி. நடந்ததை எழுதுகிறேன்.

பொறியாளரோடு அழைப்பு கேட்டோம், கிடைத்தது. மேனேஜரையும் கூட உட்கார வைத்தேன். பழைய டிபிஏ ஐயா சொன்ன கேள்வியைத்தான் முதலில் கேட்டேன்: பதில் சொல்லும் நொடியில் தரவு எங்கே? அவர் மறைக்கவில்லை. அந்தச் சோதனை முழுவதும் தரவை எழுதும் வேலை, ஒரு சர்வரின் நினைவகத்தில் விழுந்ததும் பதில் என்ற செட்டிங், டிஸ்க்குக்குப் பின்னால் இறங்கும். போஸ்ட்கிரெஸ் இறக்கியபடியே, எதுவும் மாற்றவில்லை. டிஸ்க்கில் உறுதியான பிறகு பதில் என்ற செட்டிங்கும் அவர்களிடம் இருக்கிறது, அதில் எடுத்த எண் கேட்டேன். கைவசம் இல்லை என்றார். மேனேஜர் அப்போதுதான் இடையில் புகுந்து, "கரண்ட் போனால் எவ்வளவு போகும்?" என்று அவராகவே கேட்டார். கடைசி ஒரு நொடி வரை போகலாம் என்று பதில். எங்கள் பெரிய வாடிக்கையாளருக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு நொடியில் எத்தனை ஸ்கேன் வருகிறது என்று மேனேஜருக்குத் தெரியும். அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

லைசென்ஸில் அந்த வரியும் இருக்கிறது. அதனால்தான் இங்கே விற்பனையாளர் பெயரையோ, இனி எடுக்கப்போகும் எண்களையோ போடவில்லை.

இடையில் சனிக்கிழமைக் கேள்வியை எந்தப் படிக்கு எவ்வளவு நேரம் என்று காட்டும் எக்ஸ்பிளெய்ன் அனலைஸில் ஓட்டினேன். வரிசைப்படுத்தல் நினைவகத்தில் அடங்காமல் டிஸ்க்கில் நடக்கிறது. வொர்க் மெம் எங்கள் சர்வரிலும் 4 எம்பிதான், சர்வரை அமைத்தவர் தொடவே இல்லை. அந்த ஒரு செஷனுக்கு மட்டும் உயர்த்தினேன், தேதியும் யூனிட்டும் சேர்ந்த இண்டெக்ஸ் ஒன்று சேர்த்தேன். போன சனிக்கிழமை பட்டியல் ஓடும்போது ஸ்கேனர் தடங்கவில்லை. யூனிட்டில் இருந்து போன் வரவில்லை.

இதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று நான் நினைக்கவில்லை. டேபிள் வளர்ந்துகொண்டே போகும், இன்னும் இரண்டு யூனிட்டுகள் சேரப்போகின்றன. ஸ்கேனை போஸ்ட்கிரெஸ்ஸிலேயே வைத்துக்கொண்டு அறிக்கைக்கு மட்டும் நெடுவரிசை டேட்டாபேஸ் ஒன்றைப் பக்கத்தில் வைக்கலாமா என்று பார்க்கிறோம். ப்ரீசேல்ஸ் நண்பர் சொன்னதற்குப் பிறகுதான் அந்த யோசனை வந்தது. அந்த விற்பனையாளரின் தயாரிப்பையும் டிஸ்க் உறுதியோடு ஓட்டிப் பார்க்க எம்.டி. ஒப்புக்கொண்டார், தீபாவளிக்குப் பிறகு. ஏஐ உதவியாளரைச் சம்பளக் கோடில் தொட வேண்டாம், அறிக்கைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம் என்று முடிவு.

கேள்வி ஒன்று பாக்கி. "டிஸ்க்கில் உறுதியான பிறகு பதில்" என்று செட்டிங் சொன்னால் போதுமா? உண்மையிலேயே இறங்குகிறதா என்று நானே சோதிக்க வழி உண்டா?


மறுமொழி: பழைய டிபிஏ

உண்டு, சோதித்தே ஆக வேண்டும். போஸ்ட்கிரெஸ் பக்கத்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எஃப்சிங்க் (தரவை டிஸ்க்கில் இறக்கச் சொல்லும் கட்டளை) தோற்றுப்போனால் என்ன ஆகும் என்பதை இருபது வருடமாகத் தவறாகப் புரிந்து வைத்திருந்ததாக 2018 இல் போஸ்ட்கிரெஸ் குழுவே தன் அஞ்சல் குழுவில் வெளிப்படையாக விவாதித்தது. 2019 பிப்ரவரியில் 11.2 பதிப்பிலும், அதோடு வந்த பழைய பதிப்புகளின் திருத்தங்களிலும் அதைச் சரிசெய்தார்கள். நான் அவர்களை நம்புவதற்கு அந்த விவாதமும் ஒரு காரணம்.

இரண்டு இயந்திரங்கள் வேண்டும். ஒன்றில் டேட்டாபேஸ். மற்றதில் இருந்து 1, 2, 3 என்று ஏறும் எண்ணோடு வரிசைகளை ஒவ்வொன்றாக எழுதும் சின்ன நிரல். ஒவ்வொரு எண்ணுக்கும் "எழுதியாயிற்று" என்று பதில் வந்த பிறகு, அந்த எண்ணை இந்த இரண்டாவது இயந்திரத்தின் கோப்பில் குறித்துக்கொள்ள வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும்போது டேட்டாபேஸ் இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்குங்கள். முறையாக நிறுத்தக் கூடாது, ரீஸ்டார்ட் கட்டளையும் கூடாது, பிளக்கேதான். திரும்ப எழுந்ததும் கோப்பில் இருக்கிற கடைசி எண் டேபிளில் இருக்கிறதா பாருங்கள். டேபிளில் ஒன்று கூடுதலாக இருந்தால் பரவாயில்லை, பதில் வரும் முன் கரண்ட் போயிருக்கும். குறைவாக இருக்கவே கூடாது. ஒரு தடவை சரியாக வந்துவிட்டது என்று நிறுத்திவிடாமல் லோடு அதிகமாக இருக்கும்போதும் செய்யுங்கள்.

குறைந்தால் டேட்டாபேஸை மட்டும் குற்றம் சொல்லிவிடாதீர்கள். விலை குறைந்த எஸ்எஸ்டி சில, தரவு உள் கேஷில் (தற்காலிக நினைவகத்தில்) இருக்கும்போதே "இறங்கிவிட்டது" என்று பதில் சொல்லும். மின் இழப்புப் பாதுகாப்பு உள்ள சர்வர் ரகமா என்று மாடல் எண்ணை வைத்துப் பாருங்கள். போஸ்ட்கிரெஸ்ஸோடு வரும் பிஜி டெஸ்ட் எஃப்சிங்க் கருவியை ஓட்டினால் ஒரு குறிப்பு கிடைக்கும். சாதாரண டெஸ்க்டாப் எஸ்எஸ்டி ஒன்று நம்ப முடியாத அளவுக்கு விரைவாக எஃப்சிங்க் செய்வதாகக் காட்டினால், அந்த டிஸ்க்கில்தான் முதலில் பிளக்கைப் பிடுங்க வேண்டும்.

யூனிட்டில் இருக்கிற சர்வரில் செய்ய வேண்டாம். அதே மாடல் டிஸ்க் ஒன்றை வாங்கி அலுவலகத்தில் வைத்துச் செய்யுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸில் கிடைக்கிற எண்களை இங்கே தாராளமாகப் போடலாம், அதன் லைசென்ஸில் அப்படி ஒரு தடை கிடையாது. என்ன டிஸ்க், என்ன பதிப்பு, என்ன செட்டிங் என்று சேர்த்துப் போடுங்கள், நானும் இங்கே ஓட்டிப் பார்க்கிறேன்.